கண் எரிச்சலுக்குப் பின்னால் ஹார்மோன்: தோட்டத்திலிருந்து ஈப்போ ஆஸ்பத்திரி வரை ஒரு வழிகாட்டி

மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கண் எரியாதவர் யார்? செம்பனை மட்டைத் தூசி, மருந்தடிப்பு, புகைமூட்டக் காலம் என்று காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. அதனால்தான் கண் எரிகிறது என்று யார் சொன்னாலும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. என் விஷயத்திலும் அப்படித்தான். அலர்ஜி என்று மாத்திரை, தூசி என்று சொட்டு மருந்து, வயசாகிவிட்டது என்று ஆறுதல். இப்படியே மாதங்கள் ஓடின. பிறகு ஓர் இளம் டாக்டர் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, இரத்தம் எடுத்துப் பார்ப்போம்" என்றார். தைராய்டு, அதாவது கழுத்தில் உள்ள ஹார்மோன் சுரப்பியில் கோளாறு, என்று தெரிந்தது. கண் வைத்தியம் அன்றைக்குத்தான் சரியான தடத்துக்கு வந்தது.

இந்த அலைச்சலில் எனக்குப் புரிந்தது இதுதான்: கண் பிரிவு கண்ணைப் பார்க்கிறது, கிளினிக் இரத்தத்தைப் பார்க்கிறது. ஒரு பக்கம் கண்டுபிடித்தது மறுபக்கம் தானாகப் போய்ச் சேராது. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாம்தான் இரண்டையும் சேர்க்க வேண்டும். அதற்கு என்ன வேண்டும், எவ்வளவு ஆகும், எங்கே தடுக்கி விழுவோம் என்று வரிசையாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, தோட்ட ஆபீசில் வேலை செய்கிறவள். வேறு ஊர்க்காரர்கள் ஈப்போ என்று வரும் இடத்தில் தங்களுக்குப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியை வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

1. இவை இருந்தால் காத்திருக்க வேண்டாம்

பார்வை திடீரென்று மங்கினால், தாங்க முடியாத வலி வந்தால், வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாவிட்டால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஒன்று இரண்டாகத் தெரிவது, நிறங்கள் வெளிறித் தெரிவது, கண் முன்னே தள்ளிக்கொண்டு இமை மூட மறுப்பது ஆகிய மூன்றும் தைராய்டுக்காரர்களுக்கு முக்கியமான எச்சரிக்கை. கண்ணுக்குப் பின்னால் உள்ள தசை வீங்கும்போது இப்படி ஆகும், அந்த வீக்கம் பார்வை நரம்பையும் அழுத்தலாம். அப்பாயின்மெண்ட் தேதி வரட்டும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாத நிலை அது.

செம்பனை முள்ளோ மட்டையோ கண்ணில் பட்டால் அதுவும் வறட்சிக் கணக்கில் சேராது. செடி கொடி பட்ட காயத்தில் பூஞ்சைத் தொற்று வரலாம். மருந்தடிக்கும்போது கண்ணில் தெறித்தால் முதலில் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு மருந்து டின்னின் லேபிளைப் படம் பிடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

2. இரண்டு வாரம் குறிப்பு எழுதுங்கள்

பள்ளிக்கூட நோட்டு ஒன்று போதும். டாக்டர் முன்னால் உட்காரும் சில நிமிடங்களில் எல்லாம் ஞாபகத்துக்கு வராது, அதற்காகத்தான்.

எந்த நேரம் மோசம் என்று முதலில் எழுதுங்கள். காலையில் எழும்போதே மணல் விழுந்த மாதிரி உறுத்தினால், இமை எண்ணெய்ச் சுரப்பி அடைத்திருக்கலாம்; அல்லது தூக்கத்தில் இமை முழுதாக மூடாமல் இருக்கலாம். பொழுது ஏற ஏற எரிச்சல் கூடினால் கண்ணீர்ச் சுரப்பு குறைவாக இருக்கலாம். இதை வைத்து நாமே முடிவு கட்டக் கூடாது, ஆனால் டாக்டருக்கு இது நல்ல துப்பு. இமை மூடுகிறதா என்று தெரிய, நீங்கள் தூங்கிய பிறகு கணவரையோ பிள்ளையையோ பார்க்கச் சொல்லுங்கள். இமைகளுக்கு நடுவே வெள்ளை விழி கீற்றாகத் தெரிந்தால் அதையும் எழுதிவையுங்கள்.

கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, அப்புறம் எப்படி வறட்சி என்று பலர் கேட்கிறார்கள். கண் காய்ந்து உறுத்தும்போது மூளை அவசரத்துக்குத் தண்ணீரைத் திறந்துவிடுகிறது. அந்தத் தண்ணீர் கண்ணில் நிற்காமல் வழிந்துபோகும். ஆகவே கண் வழிகிறது என்பதற்காக வறட்சி இல்லை என்று ஆகிவிடாது.

அடுத்த பக்கத்தில் உடம்பைப் பற்றி எழுதுங்கள். மாதவிடாய் தேதி, அது தள்ளிப்போகிறதா, நின்றுவிட்டதா, உடல் திடீரென்று கொதித்து வியர்க்கிறதா, முடி கொட்டுகிறதா, எடை ஏறியதா இறங்கியதா, படபடப்பு உண்டா, குளிர் தாங்க முடியவில்லையா, கழுத்தில் வீக்கம் தெரிகிறதா, வாயும் காய்கிறதா, இரவில் அடிக்கடி சிறுநீர் போகிறதா என்று ஒவ்வொன்றும். கண்ணுக்கும் மாதவிடாய்க்கும் என்ன சம்பந்தம் என்று கூச்சப்பட்டுப் பல அக்காமார் இதைச் சொல்வதே இல்லை. சம்பந்தம் நிறைய இருக்கிறது.

3. நீங்கள் எந்தக் கூட்டத்தில் வருகிறீர்கள் என்று பாருங்கள்

கண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை. கண்ணை ஒட்டி ஒரு சளிப் படலம், அதன் மேல் நீர், எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம். எண்ணெயைச் சுரப்பவை இமை ஓரத்தில் வரிசையாக இருக்கும் மெய்போமியன் சுரப்பிகள். எண்ணெய் குறைந்தால் நீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். நீர்ச் சுரப்பி, எண்ணெய்ச் சுரப்பி இரண்டுமே ஹார்மோன் ஏற்ற இறக்கத்துக்கு ஆடுபவை. ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன் அவற்றைத் தாங்கி நிற்கிறது. ஆண் ஹார்மோன் என்று பெயர் இருந்தாலும் பெண் உடம்பிலும் அது சுரக்கிறது, வயது ஏற ஏறக் குறைகிறது.

மாதவிடாய் நிற்கும் காலத்துப் பெண்கள்தான் இதில் பெரிய கூட்டம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததால் கண் காய்கிறது, ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். 2001இல் அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 25,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து வெளிவந்த ஆய்வு நேர்மாறாகச் சொன்னது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களிடம், எதுவும் எடுக்காதவர்களைவிட, கண் வறட்சிக்கான வாய்ப்பு சுமார் 69 விழுக்காடு கூடுதலாக இருந்தது. புரோஜெஸ்டிரோனும் சேர்த்து எடுத்தவர்களிடம் 29 விழுக்காடு. வேறு காரணத்துக்காக அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அதன் பெயரைக் கண் டாக்டரிடம் சொல்லுங்கள், போதும்.

தைராய்டு கூடினாலும் குறைந்தாலும் கண்ணைத் தொடும். கூடும் வகையில் கிரேவ்ஸ் நோய் என்று ஒன்று உண்டு. மேலிமை இழுத்துக்கொண்டு முறைத்துப் பார்க்கிற மாதிரித் தெரியும், கண் முன்னே தள்ளும், இமை முழுதாக மூடாது, திறந்திருக்கும் கண் காய்ந்துபோகும். இரத்தத்தில் தைராய்டு அளவு சரியாக இருக்கும்போதே கண்ணில் மட்டும் இது தொடங்குவதும் உண்டு. சிகரெட் இதை மோசமாக்கும். வீட்டில் இந்த நோய்க்காரர் இருந்தால் புகைப்பவர் வெளியே போய்த்தான் புகைக்க வேண்டும், இதில் தாட்சண்யம் பார்க்காதீர்கள். குழந்தை பெற்ற முதல் வருடத்திலும் தைராய்டு தடம் மாறலாம். பிள்ளை பெற்ற அசதி என்று எல்லாவற்றையும் தள்ளிவிடக் கூடாது.

இனிப்புநீர்க்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்களில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். சர்க்கரை பல வருடம் ஏறியே இருந்தால் கருவிழி நரம்புகள் மரத்துப்போகும். கண் காய்ந்திருக்கும், எரிச்சல் மட்டும் தெரியாது. எனக்குக் கண் எரியவில்லை, அதனால் பிரச்சினை இல்லை என்று அவர்கள் சொல்வது செல்லாது.

சினைப்பை நீர்க்கட்டி உள்ள இளம் பெண்களுக்கும் வறட்சி வரலாம். அதனால் வரும் முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை எடுத்தால் எண்ணெய்ச் சுரப்பி இன்னும் வாடும். கர்ப்பத் தடை மாத்திரை, கர்ப்ப காலம், பாலூட்டும் காலம் ஆகியவற்றிலும் சிலருக்குக் கண் காய்கிறது, காண்டாக்ட் லென்ஸ் ஒத்துக்கொள்ளாமல் போகிறது. ஆண்கள் விதிவிலக்கு இல்லை. புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ஆண்ட்ரோஜனை அடக்கும் ஊசி போடுகிறவர்களுக்கு இமை எண்ணெய் கெட்டுப்போவது தெரிந்த விஷயம்.

கண்ணோடு வாயும் சேர்ந்து காய்ந்தால், தண்ணீர் இல்லாமல் ரொட்டியை விழுங்க முடியாவிட்டால், ஷோகிரன் நோய் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது ஹார்மோன் நோய் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி சுரப்பிகளையே தாக்குவது. ஆனால் நடுத்தர வயதுப் பெண்களிடம் அதிகம் வருகிறது, தைராய்டோடு கைகோத்தும் வருகிறது. மாதவிடாய்ப் பிரச்சினை என்று தள்ளிவிட்டால் இது கண்ணில் படாமலே போய்விடும்.

4. காகிதங்களைச் சேர்த்து ஒரே ஃபைலில் போடுங்கள்

மைகாட் (அடையாள அட்டை) கட்டாயம். பழைய இரத்தப் பரிசோதனை முடிவுகள், இனிப்புநீர் அல்லது இரத்த அழுத்தப் புத்தகம், எல்லா அப்பாயின்மெண்ட் அட்டைகளும், மேலே சொன்ன நோட்டும் ஃபைலில் இருக்கட்டும். கூடவே ஒரு பிளாஸ்டிக் பையில் நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரையும், போடும் எல்லாச் சொட்டு மருந்தும். பெட்டியோடு கொண்டுபோங்கள், பெயரைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஜலதோஷத்துக்கும் அரிப்புக்கும் வாங்கும் தூக்கம் வரவைக்கும் மாத்திரை, மன அழுத்த மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை எல்லாம் கண்ணைக் காயவைக்கக் கூடியவை. கண் எரிச்சலுக்கு அலர்ஜி மாத்திரை கொடுத்து, அந்த மாத்திரையே கண்ணை மேலும் காயவைக்கும் கூத்து இப்படித்தான் நடக்கிறது.

முடி வளர, நகம் வளர என்று வாங்கும் சத்து மாத்திரையும் அந்தப் பையில் போடுங்கள். ஏன் என்று 6ஆம் படியில் சொல்கிறேன்.

தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் முதல்நாளே கிராணியிடம் (குமாஸ்தாவிடம்) ஒரு விஷயம் கேட்டுக்கொள்ள வேண்டும். கிளினிக்கில் எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சான்று, கொடுப்பது வேறு, வந்து போனதற்கு டைம் சிலிப் கொடுப்பது வேறு. சோதனைக்கு மட்டும் போனால் பெரும்பாலும் சிலிப்தான் கிடைக்கும். சிலிப்புக்குச் சம்பளம் உண்டா என்பது நிர்வாகத்தைப் பொறுத்தது. எம்சி என்றால் வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு விடுப்பு: இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் 18 நாள், ஐந்து வருடமோ அதற்கு மேலோ 22 நாள். கண்மணி விரிய மருந்து போட்ட நாளில் அறுவாளோ டிராக்டரோ தொட முடியாது. அதைச் சொல்லி அன்றைக்கு எம்சி கேளுங்கள்.

5. அரசாங்க கிளினிக்கில் இப்படிக் கேளுங்கள்

முதல் வாசல் கிளினிக் கெசிஹாத்தான். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்), அதில் இரத்தப் பரிசோதனையும் மருந்தும் அடக்கம். குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு. சிவப்பு அடையாள அட்டை (நிரந்தரவாசி அட்டை) வைத்திருக்கும் பெரியவர்கள் கவுண்டரில் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். அப்பாயின்மெண்ட் மைசெஜாத்ரா என்ற கைப்பேசிச் செயலியில் எடுக்கலாம். பெரியவர்களுக்குப் பிள்ளைகள் எடுத்துக்கொடுங்கள். அப்பாயின்மெண்ட் இல்லாமல் போனால் கதவு திறக்கும் முன்பே வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை நீளம் என்பதால் அன்றைக்குப் பத்து மணிக்கு மேல் கிளம்புவதில் பிரயோசனம் இல்லை.

தோட்டத்து டிரசரிடம் (மருத்துவ உதவியாளரிடம்) போகலாமா என்றால், போகலாம், கண்ணைக் கழுவவும் சாதாரணச் சொட்டு மருந்துக்கும். ஹார்மோன் சோதனைக்கு அங்கே வழி இல்லை.

டாக்டரிடம் "கண் எரிகிறது" என்று மட்டும் சொன்னால் சொட்டு மருந்தோடு வெளியே வந்துவிடுவீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: "இத்தனை மாதமாகக் கண் எரிகிறது, சொட்டு மருந்துக்கு அடங்கவில்லை, கூடவே முடி கொட்டுகிறது, மாதவிடாய் தள்ளிப்போகிறது, அம்மாவுக்குத் தைராய்டு இருந்தது." உங்களுக்கு உள்ளதைச் சொல்லுங்கள், இல்லாததைச் சேர்க்காதீர்கள். பிறகு இரண்டு விஷயம் கேளுங்கள். தைராய்டும் சர்க்கரையும் பார்க்க இரத்தம் எடுக்க முடியுமா, கண் பிரிவுக்கு சூராட் ருஜுக்கான் (பரிந்துரைக் கடிதம்) எழுதித் தர முடியுமா. மலாய் தட்டுத்தடுமாறி வந்தாலும் பரவாயில்லை, நோட்டைக் காட்டுங்கள். படித்த பிள்ளை ஒன்றைக் கூட அழைத்துப்போனால் இன்னும் நல்லது.

கடிதம் எங்கிருந்து வாங்குகிறோம் என்பதில் காசு இருக்கிறது. அரசாங்க டாக்டர் எழுதிய கடிதத்தோடு ஆஸ்பத்திரி நிபுணர் கிளினிக்குக்குப் போனால் குடிமக்களுக்கு 5 வெள்ளி. தனியார் டாக்டரின் கடிதம் என்றால் முதல் முறை 30 வெள்ளி. கண்ணாடிக் கடையில் உள்ள ஆப்டோமெட்ரிஸ்ட்டும் கடிதம் எழுதலாம். அதை கிளினிக் டாக்டரிடம் காட்டி அவர் கையால் ஒரு கடிதம் வாங்கிவிடுவது சிக்கனம்.

40 வயதைத் தாண்டி, அரசாங்கத்தின் எஸ்டிஆர் உதவித்தொகை பெறுகிறவர்களுக்கு பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடல் பரிசோதனை உண்டு, பதிவு செய்த தனியார் கிளினிக்கிலும் செய்யலாம். சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் பார்ப்பார்கள். சர்க்கரை நிலவரம் தெரிய அது நல்ல வழி. தைராய்டுக்கு அதை நம்பியிருக்க வேண்டாம், தனியாகக் கேளுங்கள்.

6. இரத்தம் எடுப்பதற்கு முன்

தைராய்டுக்குப் பார்ப்பது டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோனின் அளவு), தேவைப்பட்டால் ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோனின் அளவு). இவற்றுக்குப் பட்டினி தேவையில்லை. கூடவே சர்க்கரை, கொழுப்பு எடுப்பதாக இருந்தால் பசியாறாமல் வரச் சொல்வார்கள், முதல்நாளே கேட்டுவிடுங்கள்.

சத்து மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். முடி, நகம், தோல் அழகுக்கு விற்கும் மாத்திரைகளில் பயோட்டின் என்ற வைட்டமின் அதிக அளவில் இருக்கும். அது தைராய்டு பரிசோதனையையே ஏமாற்றிவிடும். இல்லாத தைராய்டு நோய் இருப்பதாகவோ, இருப்பது மறைந்தோ முடிவு வரலாம். இரத்தம் எடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், எடுக்கும் இடத்திலும் சொல்லுங்கள். தைராய்டு இருந்தால் முடி கொட்டும், முடி கொட்டினால் இந்த மாத்திரையைத்தான் முதலில் வாங்குகிறோம். இந்தப் பொறியில் விழ நம்மைப் போன்றவர்களுக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

முடிவு வர ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். "எல்லாம் நார்மல்" என்று வாய்வழியாகச் சொன்னால் விட்டுவிடாதீர்கள். ஒரு நகல் கேளுங்கள், நகல் கிடைக்காவிட்டால் எண்களை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கண் பிரிவில் அது வேண்டும். அவசரம் என்றால் தனியார் லேபில் எடுக்கலாம். விலை இடத்துக்கு இடம் மாறும். தைராய்டு மட்டும் போதும் என்று சொல்லிக் கேளுங்கள், இல்லையென்றால் பெரிய பேக்கேஜில் தள்ளிவிடுவார்கள்.

7. கண் பிரிவுக்குப் போகும் நாள்

சுங்கை சிப்புட்டிலிருந்து கண் நிபுணரைப் பார்க்கப் பொதுவாக ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், சுமார் 30 கிலோமீட்டர். தேதி எப்போது கிடைக்கும் என்பது கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. வெறும் கண் வறட்சி என்றால் மாதக்கணக்கில் போகும். தைராய்டு இருக்கிறது, இமை மூடவில்லை, பார்வை மங்குகிறது போன்ற விவரம் உண்மையில் இருந்தால், அது கடிதத்தில் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். தனியாரில் உடனே பார்க்கலாம், ஆனால் ஆலோசனையும் சோதனையும் மருந்தும் சேர்ந்தால் நூறு வெள்ளித் தாள்கள் இரண்டு மூன்று சுலபமாகக் கரைந்துவிடும்.

அன்று காலை கண்ணுக்கு மை வேண்டாம். மை இமை ஓரத்து எண்ணெய்த் துளைகளை அடைக்கும், டாக்டராலும் பார்க்க முடியாது. கண்ணீர்ச் சொட்டு மருந்தைச் சோதனைக்கு இரண்டு மணி நேரம் முன்பே நிறுத்துங்கள், இல்லையென்றால் மருந்தின் ஈரம்தான் அளக்கப்படும். குளுக்கோமாவுக்கு (கண் அழுத்த நோய்க்கு) போடும் சொட்டு மருந்தை மட்டும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். காண்டாக்ட் லென்ஸ் அணிகிறவர்கள் கண்ணாடியோடு போங்கள். மோட்டாரில் போக வேண்டாம். கண்மணியை விரிக்க மருந்து போட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், வெயில் கூசும். பஸ் அல்லது யாராவது ஓட்டும் கார், கையில் ஒரு கறுப்புக் கண்ணாடி.

ஷெர்மர் சோதனை என்று ஒன்று செய்வார்கள். சின்னக் காகிதப் பட்டை ஒன்றைக் கீழிமையின் வெளியோரம் மடித்துச் செருகி ஐந்து நிமிடம் விடுவார்கள். கண்ணீர் காகிதத்தில் மெல்ல ஊறி இறங்கும், எத்தனை மில்லிமீட்டர் நனைந்தது என்று அளப்பார்கள். பத்துக்கு மேல் என்றால் பொதுவாகக் கவலையில்லை, ஐந்து அல்லது அதற்குக் கீழே என்றால் சுரப்பு மிகக் குறைவு. உறுத்தும், ஆனால் வலிக்காது. அடுத்து மஞ்சள் நிறச் சாயம் தடவி, இமைக்காமல் இருக்கச் சொல்லி நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். கண்ணீர்ப் படலம் பத்து விநாடிக்குள் உடைந்தால் அது நிலையாக இல்லை என்று அர்த்தம். பிறகு இமையை அழுத்தி எண்ணெய் எப்படி வருகிறது என்று பார்ப்பார்கள். நல்ல எண்ணெய் தெளிவாக வரும், கெட்டது உறைந்த நெய் போலக் கட்டியாக நிற்கும்.

இந்த எண்களையும் நோட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். இரத்த முடிவைக் கண் டாக்டரிடம் நீட்டுங்கள், கண் முடிவை அடுத்த முறை கிளினிக் டாக்டரிடம் நீட்டுங்கள். என் கண் அட்டையின் பின்பக்கம் டிஎஸ்எச் எண்ணையும் தேதியையும் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன். டாக்டர் மாறினாலும் அது பேசும்.

8. வீட்டில் செய்ய வேண்டியதும் செய்யவே கூடாததும்

வெந்நீர் ஒத்தடம்தான் அடிப்படை. சுத்தமான சிறு துண்டை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்து, மூடிய இமைமேல் வையுங்கள். ஒரு துண்டு இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும், மறுபடி நனைக்க வேண்டும். மொத்தம் ஐந்திலிருந்து பத்து நிமிடம், காலையும் மாலையும். அப்புறம் சுத்தமான விரலால் மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் மெதுவாக நீவுங்கள். கண்ணை அழுத்தாதீர்கள். ஒரு மாதமாவது விடாமல் செய்துவிட்டுத்தான் பலன் இல்லை என்று சொல்ல வேண்டும். எண்ணெய்ச் சுரப்பி ஒருமுறை சுருங்கிப்போனால் மீட்பது கடினம் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

தலைக்கு நேரே ஃபேன் வைத்துத் தூங்காதீர்கள். இமை மூடாதவர்களுக்கு இரவில் போடும் ஜெல்லோ களிம்போ டாக்டர் கொடுப்பார்.

தாய்ப்பால், தேன், பன்னீர், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய் எதையும் கண்ணுக்குள் விடாதீர்கள். பாட்டி சொன்னதாக இருந்தாலும் சரி. காய்ந்த கருவிழியில் சின்னச் சின்னக் கீறல்கள் இருக்கும், கிருமி அதன் வழியே சுலபமாக நுழையும். மனசு கேட்காவிட்டால் மூடிய இமைக்கு மேலே பூவை வைத்துக்கொள்ளுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

கடையில் வாங்கும் போது மூன்று வகையில் உஷார். கண் சிவப்பை உடனே போக்கும் சொட்டு மருந்து இரத்தக் குழாயைச் சுருக்குகிறது, விட்டதும் சிவப்பு திரும்பி வரும். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து முதல் நாளே சுகமாக இருக்கும், சொந்தமாகத் தொடர்ந்தால் கண் அழுத்தம் ஏறும், புரை வரும். பக்கத்து வீட்டுக்காரர் மிச்சம் வைத்ததைக் கேட்டு வாங்காதீர்கள். மூன்றாவது, ஹார்மோனைச் சமன் செய்யும் என்று வீடு தேடி வந்து விற்கும் ஜூஸும் பொடியும். மருந்து என்று சொல்லி விற்றால் பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்க வேண்டும். எண் இருந்தால்கூட அது உங்கள் கண்ணைக் குணப்படுத்தும் என்று உத்தரவாதம் இல்லை. அந்தக் காசுக்கு நல்ல செயற்கைக் கண்ணீர் வாங்கலாம்.

9. மருந்தும் காலக்கணக்கும்

அரசாங்க மருந்தகத்தில் பொதுவாக ஹைப்ரோமெல்லோஸ் போன்ற செயற்கைக் கண்ணீர் கிடைக்கும். புட்டியைத் திறந்த தேதியை அதன்மேல் எழுதுங்கள், ஒரு மாதத்துக்குப் பிறகு மிச்சம் இருந்தாலும் வீசிவிடுங்கள். நாளுக்கு நான்கு முறைக்கு மேல் போட வேண்டியிருந்தால், கெடாமல் வைக்கும் மருந்து கலக்காத சிறு குப்பி வகையைக் கேளுங்கள், கலந்தது அடிக்கடி பட்டால் கண்ணை அரிக்கும். குப்பி வகைக்கு விலை கூடுதல். இரண்டு வகைச் சொட்டு மருந்து இருந்தால் நடுவே ஐந்து நிமிடம் விடுங்கள், களிம்பு கடைசியாக. கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் எந்த மருந்துக்கும் முன்னால் அதைச் சொல்லிவிடுங்கள்.

தைராய்டு குறைவுக்கு லெவோதைராக்சின் கொடுத்தால், காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு விழுங்குங்கள். பசியாறவும் கோப்பி குடிக்கவும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழியட்டும். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். விடிகாலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போகிறவர்கள் மாத்திரையைத் தலையணைப் பக்கத்திலேயே வைத்து எழுந்தவுடன் போட்டுவிடுவது வசதி. அளவு மாற்றிய பிறகு ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்துத்தான் மறுபடி டிஎஸ்எச் பார்ப்பார்கள். அதற்குள் கண் சரியாகவில்லையே என்று மாத்திரையை விட்டுவிடாதீர்கள். இரத்தம் சரியான பிறகும் கண் கொஞ்சம் பின்தங்கித்தான் வரும், சிலருக்குச் செயற்கைக் கண்ணீர் தொடர்ந்து தேவைப்படும். கண் பிரிவில் சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்து கொடுத்தால் அது வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும், முதலில் எரியவும் செய்யும். கண்ணீர் வடியும் துளையைச் சின்ன அடைப்பான் வைத்து மூடும் வழியும் இருக்கிறது. எல்லாம் போட்டும் அடங்காதவர்கள் அதைப் பற்றிக் கேளுங்கள்.

இனிப்புநீர்க்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை கண்ணின் உட்புறத்தைப் படம் எடுத்துப் பார்க்கும் தேதியைத் தவறவிடாதீர்கள். அந்த நாளிலேயே வறட்சியையும் பார்க்கச் சொல்லிவிட்டால் இன்னொரு நாள் சம்பளம் மிஞ்சும்.

அப்பாயின்மெண்ட் அட்டையை வாங்கியதும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். தேதிக்குப் போக முடியாவிட்டால் அட்டையில் உள்ள எண்ணுக்கு முன்கூட்டியே போன் செய்து மாற்றுங்கள். தவறவிட்டுவிட்டுப் போனால் புதுத் தேதிக்கு மறுபடி காத்திருக்க வேண்டியதாகிவிடும், சில இடங்களில் புதுக் கடிதமும் கேட்கிறார்கள்.